தீய எண்ணம்: வழக்கிலும் சட்டத்திலும்

ஜொகூர் பாருவில் ஒரு குடியிருப்புப் பகுதி. சிறுவர்கள் உதைத்த காற்பந்து, பக்கத்து வீட்டு மகிழுந்தின் கண்ணாடியை உடைத்துவிடுகிறது. அடுத்த தெருவிலோ, வாகனம் நிறுத்துவதில் ஏற்பட்ட தகராற்றை மனத்தில் வைத்துக்கொண்ட ஒருவர், அண்டை வீட்டாரின் மகிழுந்துக் கண்ணாடியை இரவில் கல்லால் உடைக்கிறார். இரண்டிலும் சேதம் ஒன்றுதான். ஆயினும், முன்னதை மக்கள் ‘தவறுதலாக நடந்தது’ என்பர். பின்னதை ‘வேண்டுமென்றே செய்தது’ என்பர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் செய்தவரின் எண்ணமே.

பிறருக்குக் கேடு சூழும் எண்ணத்தைக் குறிக்கத் தமிழில் வன்மம், வஞ்சம், காழ்ப்பு, கறுவு எனப் பல சொற்கள் உள்ளன. கம்பராமாயணத்தில், இராமன் சிறுவயதில் தன் கூன்மீது உண்டைவில்லால் அடித்ததைக் கூனி மறக்கவில்லை. நெடுநாள் சுமந்த அந்த வன்மமே அவனைக் காட்டுக்கு அனுப்பத் துணைநின்றது. ஆகவே, அன்றாட வழக்கில் தீய எண்ணம் என்பது மனத்தில் ஊறிய பகையுணர்ச்சியாகும்.

சட்டம் இதனைச் சற்று வேறு கோணத்தில் பார்க்கிறது. 1825ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த அவதூறு வழக்கொன்றில், நீதிபதி பேலி இவ்விரு பொருளையும் பிரித்துக் காட்டினார். நியாயமான காரணமின்றித் தவறான செயலை வேண்டுமென்றே செய்வதே சட்டத்தின் பார்வையில் தீய எண்ணம் என்றார். அதற்குத் தனிப்பட்ட பகை இருக்கவேண்டும் என்பதில்லை.

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 425ஆவது பிரிவும் இத்தகையதே. பிறர் பொருளுக்குச் சேதம் விளைவிக்கும் நோக்கத்தோடு செய்தாலும், சேதம் விளையக்கூடும் என்று அறிந்தே செய்தாலும் அது குற்றமாகும். ஒருவரின் மோதிரத்தை அவருக்கு இழப்பு ஏற்படுத்த ஆற்றில் எறிவதை அப்பிரிவே எடுத்துக்காட்டாகத் தருகிறது. மறுபுறம், முறையான செயலைத் தக்க கவனத்தோடு செய்யும்போது நேரும் விபத்து குற்றமாகாது என்று 80ஆவது பிரிவு கூறுகிறது.

பகை இல்லாமலும் பெருங்கேடு விளையலாம். 2019 மார்ச் மாதம் பாசீர் கூடாங்கில் உள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. பல ஆயிரம் பேர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கழிவைக் கொட்டியவருக்கு மாணவர்கள்மீது பகை உண்டா என்று சுற்றுச்சூழல் தரச் சட்டம் கேட்பதில்லை. தடைசெய்யப்பட்ட கழிவு ஆற்றில் கலந்ததா என்றே அது கேட்கிறது.

சொல்லுக்கும் இது பொருந்தும். 2024 ஜூலையில், இணையப் பகடிவதைக்கு ஆளான ஓர் இளம்பெண்ணின் மரணம் நாட்டையே உலுக்கியது. இவ்விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு 100 ரிங்கிட் அபராதமே விதிக்கப்பட்டது. சட்டம் போதாது என்ற குரல் எழுந்தது. பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடைமுறைக்கு வந்தன. பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு மிரட்டிப் பேசுவதும் இழிவுபடுத்துவதும் இப்போது தண்டனைக்குரியவை.

‘விளையாட்டுக்குத்தான் சொன்னேன்’ என்பது பலரும் கூறும் சாக்கு. ஆனால், ஒருவர் மனம் நோகும் என்று தெரிந்தே புலனத்தில் அனுப்பும் செய்தி விளையாட்டாகாது. பகை இல்லை என்பது மட்டும் ஒரு செயலை நல்லதாக்கிவிடாது. விளைவை எண்ணிப் பார்த்த பின் பேசுவதே பண்புடையோர் செயலாகும்.