மீட் ஏரியின் நீர்மட்ட வீழ்ச்சியும் படகோட்டிகளும்

மீட் ஏரி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெவாடா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் கொலராடோ ஆற்றின் மீது அமைந்துள்ள செயற்கை நீர்த்தேக்கம் ஆகும். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நீண்ட வறட்சியால் இதன் நீர்மட்டம் 2022 சூலை இறுதிக்குள் ஏறத்தாழ 174 அடி (53 மீட்டர்) இறங்கியது. இதனால் வேளாண்மைக்கும் நகரங்களுக்கும் என்ன ஆனது என்பது பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதே ஏரியில் படகோட்டுவோருக்கு நேர்ந்ததை இக்கட்டுரை விளக்குகிறது. குடிநீர்ப் பற்றாக்குறையோடு ஒப்பிட்டால் இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நீர் குறையும்போது ஏரியை நம்பியிருப்போரில் முதலில் அதை உணர்பவர்கள் கரையில் படகோடு நிற்பவர்கள்தாம்.

ஏரியின் அளவு

கொலராடோ ஆற்றின் குறுக்கே ஊவர் அணை 1931இல் தொடங்கிக் கட்டப்பட்டது. 1935 செப்டம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அணையின் பின்னே தேங்கிய நீர், அமெரிக்க நீர்மேம்பாட்டுத் துறையின் ஆணையராக இருந்த எல்வுட் மீட் என்பவரின் பெயரைப் பெற்றது. ஏரி நிரம்பியிருக்கையில் அதன் நீளம் சுமார் 180 கிலோமீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 2.6 கோடி ஏக்கர் அடி, நம் நாட்டு வழக்கில் சொன்னால் 1,100 டி.எம்.சி.க்கும் மேல். கொள்ளளவில் அமெரிக்காவின் மிகப்பெரிய நீர்த்தேக்கம் இதுவே.

இங்கு நீர்மட்டத்தை ஆழத்தால் அளப்பதில்லை, கடல் மட்டத்துக்கு மேலான உயரத்தால் அளக்கின்றனர். செய்திகளில் வரும் எண்களைப் புரிந்துகொள்ள இது முதன்மையானது. 1,229 அடி என்றால் ஏரி நிறைந்துள்ளது. 1,075 அடிக்குக் கீழே போகும் என்று கணிக்கப்பட்டால் அரசு பற்றாக்குறையை அறிவிக்கும். 895 அடிக்கு இறங்கினால் அணையிலிருந்து நீர் கீழே பாயாது. அந்நிலையை 'செத்த மட்டம்' என்பர். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 1,214 அடி அளவில் இருந்த ஏரி, 2022 சூலை இறுதியில் 1,040 அடிக்கு வந்தது. ஏரி முதன்முதலாக நிரம்பிக்கொண்டிருந்த 1937க்குப் பிறகு இதுவே மிகத் தாழ்ந்த அளவு. கொள்ளளவில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலான நீரே அப்போது எஞ்சியிருந்தது.

ஏன் இறங்கியது

மழையும் பனியும் குறைந்தது மட்டுமே காரணமன்று. 1922இல் ஏழு மாநிலங்கள் செய்துகொண்ட கொலராடோ ஆற்று உடன்பாடு, ஆற்றில் அதிக நீர் ஓடிய சில ஆண்டுகளின் அளவைக் கொண்டு எழுதப்பட்டது. மேல் படுகைக்கும் கீழ்ப் படுகைக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி வீதம் பங்கிட்டனர். 1944இல் மெக்சிக்கோவுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி சேர்க்கப்பட்டது. ஆறு சராசரியாகக் கொண்டுவருவது இந்தக் கூட்டுத்தொகையை விடக் குறைவு. இல்லாத நீரைக் காகிதத்தில் பங்கிட்டதன் விளைவாக, வறட்சி இல்லாத ஆண்டிலும் மீட் ஏரிக்கு வருவதைவிட அதிலிருந்து போவது அதிகம். இதனுடன் வெப்பநிலை உயர்வும் சேர்ந்தது. ராக்கி மலையில் உருகும் பனிநீரின் ஒரு பகுதி ஆற்றை அடையும் முன்பே வறண்ட மண்ணில் ஊறியும் ஆவியாகியும் போய்விடுகிறது.

படகை நீரில் இறக்கும் சாய்தளம்

இங்குள்ள படகோட்டிகளில் பெரும்பாலோர் தங்கள் படகை வீட்டில் வைத்திருப்பவர்கள். படகை டிரெய்லரில் ஏற்றி, காரின் பின்னே கட்டி இழுத்து வருவர். கரையில் நீருக்குள் இறங்கிச் செல்லும் காங்கிரீட் சாய்தளம் இருக்கும். காரைப் பின்னோக்கி ஓட்டி, டிரெய்லர் நீருக்குள் மூழ்கும்வரை இறக்கினால் படகு தானாக மிதந்துவிடும். திரும்புகையில் இதே வேலை தலைகீழாக நடக்கும். எனவே சாய்தளத்தின் கீழ்முனையில் குறைந்தது மூன்றடி நீராவது நிற்க வேண்டும். அது இல்லையென்றால், பின்னால் எவ்வளவு பெரிய ஏரி இருந்தாலும் படகு டிரெய்லரை விட்டு இறங்காது.

இதிலுள்ள கணக்கு எளிது. சாய்தளங்கள் பொதுவாக நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வரையிலான சரிவில் கட்டப்படுகின்றன. பதினைந்து என்று கொண்டால், நீர் ஓர் அடி இறங்கும்போது சாய்தளத்தை ஏறத்தாழ ஏழு அடி நீட்ட வேண்டும். நான்கு அடி இறங்கினால் 27 அடி. இயற்கைக் கரை இதைவிட மிகத் தட்டையானது. நூற்றுக்கு இரண்டு என்ற சரிவுள்ள கரையில், ஓர் அடி இறக்கம் நீரின் விளிம்பை ஐம்பது அடி தள்ளிக்கொண்டு போய்விடும். ஏரியின் வடக்குக் கிளையான ஓவர்ட்டன் பகுதி முதலில் கைவிடப்பட்டது இத்தகைய ஆழமின்மையால்தான். அங்கிருந்த ஓவர்ட்டன் கடற்கரை படகுத்துறை 2007இல் மூடப்பட்டது.

நீட்டுவதும் நினைத்த அளவுக்கு எளிதன்று. காங்கிரீட் போட நீரற்ற உலர்ந்த தரை வேண்டும். ஆனால் நீர் விலகிக் கரை காயும்வரை காத்திருந்து கட்டி முடிப்பதற்குள் நீர் இன்னும் கீழே போயிருக்கும். ஆகவே தேசியப் பூங்காச் சேவை இரும்புக் குழாய்களை வரிசையாகப் பிணைத்த பாய்களைச் சாய்தளத்தின் முனையில் விரித்து, தற்காலிகமாக வழி அமைத்தது. ஏரி நான்கு அடி இறங்கும் ஒவ்வொரு முறையும் சாய்தளங்களை நீட்ட 20 முதல் 30 லட்சம் டாலர் ஆவதாக அச்சேவை கணக்கிட்டுள்ளது.

சாய்தளத்தின் முனையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. படகை டிரெய்லரில் ஏற்றும்போது சிலர் கயிற்றால் இழுக்காமல் இயந்திரத்தை முடுக்கி ஏற்றிவிடுவர். சுழல்விசிறி பின்னால் தள்ளும் நீர், காங்கிரீட் முடியும் இடத்து மண்ணை அரித்துப் பள்ளமாக்கும். நீர் ஆழமாக இருக்கும் காலத்தில் டிரெய்லரின் சக்கரங்கள் அவ்வளவு தொலைவு போவதில்லை என்பதால் இந்தப் பள்ளம் யாருக்கும் தெரியாது. மட்டம் இறங்கியதும் சக்கரங்கள் முனைவரை போயாக வேண்டும். பள்ளத்தில் விழுந்து அச்சு முறிந்த டிரெய்லர் ஒன்று நின்றால் அந்தத் தடமே அடைபடும்.

2022 கோடையில் இது எல்லோருக்கும் புரிந்தது. போல்டர் துறை, எக்கோ விரிகுடா, கால்வில் விரிகுடா, டெம்பிள் பார் ஆகிய இடங்களின் சாய்தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, எமன்வே துறை மட்டும் எஞ்சியது. அதிலும் பயன்படுத்த முடிந்தது ஒரே தடம். ஓர் ஏரி முழுவதற்கும் ஒரு தடம் என்றால், விடுமுறை நாள் காலையில் படகை இறக்க மட்டுமன்றி மாலையில் வெளியே எடுக்கவும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். பாலைவனக் கோடையில் நிழலின்றி இரு முறை அந்த வரிசையில் நிற்பதைவிட வீட்டிலிருப்பதே மேல் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். 2021இல் சுமார் 76 லட்சமாக இருந்த மீட் ஏரித் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியின் வருகையாளர் எண்ணிக்கை 2022இல் சுமார் 56 லட்சமாகக் குறைந்தது.

மிதக்கும் துறைகள்

படகை ஆண்டு முழுவதும் நீரிலேயே நிறுத்தி வைப்போருக்கும் சிக்கல் உண்டு. மீட் ஏரியின் படகுத்துறைகள் மிதக்கும் மேடைகளால் ஆனவை. ஏரியின் அடியில் போட்ட நங்கூரங்களுடன் எஃகு வடங்களால் கட்டப்பட்டுள்ளன. நீர் இறங்கும்போது வடங்களின் நீளத்தைச் சரிசெய்து, மேடை முழுவதையும் ஆழமான பக்கம் நகர்த்துவர். அதனுடன் குடிநீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய், எரிபொருள் குழாய் ஆகியவையும் நீள வேண்டும். கரையிலிருந்து மேடைக்குச் செல்லும் நடைபாலமும் அப்படியே. ஒரு விரிகுடாவில் நகர்த்த இடமே இல்லாமல் போனால் துறையையே வேறிடத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும். போல்டர் துறையிலிருந்த மீட் ஏரிப் படகுத்துறை 2008இல் இப்படி எமன்வே துறைக்கு மிதந்து சென்றது. நூற்றுக்கணக்கான படகுகளின் முகவரி ஒரே முறையில் மாறியது என்று இதைச் சொல்லலாம்.

ஏரிக்குள் காத்திருப்பவை

படகு நீரில் இறங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்பதில்லை. மீட் ஏரி பள்ளத்தாக்குகளும் குன்றுகளும் நிறைந்த நிலத்தை மூழ்கடித்து உருவானது. நேற்றுவரை பத்தடி ஆழத்தில் இருந்த குன்றின் உச்சி, சில வாரங்களில் நீர்ப்பரப்புக்குக் கீழே ஓர் அடியில் வந்து நிற்கும். தீவாக வெளியே தெரியும் பாறையால் ஆபத்துக் குறைவு, விலகிப் போகலாம். ஓர் அடி ஆழத்தில் மறைந்துள்ள பாறைதான் சுழல்விசிறியை உடைக்கும், அடிப்பலகையைக் கிழிக்கும். பழைய வரைபடத்தில் குறித்த ஆழங்கள் பொருந்தா. எச்சரிக்கை மிதவைகளையும் இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆழமான அடிக்கட்டை கொண்ட பாய்மரப் படகுகள் இதில் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன. அவற்றை இறக்கவே மற்றவற்றைவிட ஆழமான சாய்தளம் வேண்டும்.

காற்றையும் குறிப்பிட வேண்டும். பாலைவன ஏரியில் திடீரென வீசும் காற்று பெரிய அலைகளை எழுப்பும். அப்போது படகுகள் சிறு குடாக்களில் ஒதுங்குவது வழக்கம். நீர் இறங்கியதும் அக்குடாக்களில் பல வறண்டுவிடும், அல்லது அவற்றின் வாயில் மணல் மேடிட்டிருக்கும்.

கரையின் பாறைகளில் வெண்ணிறப் பட்டை ஒன்று ஏரியைச் சுற்றிலும் தெரிகிறது. முன்பு நீருக்குள் இருந்த பாறையில் படிந்த சுண்ணப் படிவு இது. படகில் அமர்ந்து மேலே பார்த்தால் 2022இல் அப்பட்டையின் உயரம் பல மாடிக் கட்டடத்தின் அளவுக்கு இருந்தது.

வெளிப்பட்டவை

2022 மே 1 அன்று எமன்வே துறைக்கு அருகே சென்ற படகோட்டிகள், சேற்றில் புதைந்த பீப்பாய் ஒன்றில் மனித எலும்புக்கூட்டைக் கண்டனர். சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவரின் உடல் அது என்றும், 1970களின் நடுவிலிருந்து 1980களின் தொடக்கத்துக்குள் இறந்திருக்கலாம் என்றும் லாஸ் வேகஸ் காவல்துறை கூறியது. காலணியைக் கொண்டு காலத்தைக் கணித்தனர். அதே கோடையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து இகின்சு வகைத் தரையிறங்கு படகு ஒன்றும் நீருக்கு வெளியே தலைகாட்டியது. 1865இல் மோர்மன் குடியேறிகள் அமைத்து 1938இல் மூழ்கிய செயின்ட் தாமஸ் ஊரின் கட்டட அடித்தளங்களை இப்போது நடந்தே சென்று பார்க்கலாம். அவ்வூரிலிருந்து கடைசியாக வெளியேறியவர் வீட்டு வாசலிலிருந்து படகில் ஏறிச் சென்றார் என்பர்.

வேறு ஏரிக்குப் போகலாமா?

ஒரு சாய்தளம் மூடினால் வேறு ஏரிக்குப் போகலாமே என்று கேட்கத் தோன்றும். இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது குவாகா சிப்பி. கிழக்கு ஐரோப்பாவைச் சேர்ந்த இச்சிறு சிப்பி 2007 சனவரியில் மீட் ஏரியில் கண்டறியப்பட்டது. படகின் அடியிலும், இயந்திரத்தினுள் தேங்கிய நீரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்ப் பெருகி, குழாய்களை அடைத்துவிடும். எனவே மீட் ஏரியிலிருந்து வெளியேறும் படகைச் சுத்தம் செய்து, நீரை வடித்து, உலர வைக்க வேண்டும். பிற மாநிலங்களில் சோதனைக்கும் உட்பட வேண்டியிருக்கும்.

இரண்டாவது தடை, அருகிலுள்ள பெரிய ஏரியும் அதே ஆற்றில்தான் இருக்கிறது. மேலே கிளென் கேன்யன் அணையால் உருவான பவல் ஏரியில் 2021 கோடையிலேயே பெரும்பாலான சாய்தளங்கள் பயனற்றுப் போயின. படகு வீடுகளை இறக்குவதும் நின்றது. காசில் ராக் கால்வாய் என்னும் குறுக்குவழி வறண்டதால் வாஹ்வீப் துறையிலிருந்து செல்வோர் சுமார் 12 மைல் சுற்றிப் போக நேர்ந்தது. 2022இல் பவல் ஏரியின் மின் உற்பத்தியைக் காக்க, அங்கிருந்து திறக்கும் நீரின் அளவை அரசு 74.8 லட்சத்திலிருந்து 70 லட்சம் ஏக்கர் அடியாகக் குறைத்தது. பவல் ஏரிப் படகோட்டிக்குக் கிடைத்த ஒவ்வோர் அங்குலமும் மீட் ஏரிப் படகோட்டிக்குக் கிடைக்க வேண்டியதிலிருந்து எடுக்கப்பட்டதே.

திறந்து வைப்பதா, விட்டுவிடுவதா

2022 இறுதியில் தேசியப் பூங்காச் சேவை, தாழ்ந்த நீர்மட்டத்தில் ஏரியை எப்படி நிருவகிப்பது என்று பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. நீரைத் துரத்திக்கொண்டு சாய்தளங்களை நீட்டுவது முதல், இயந்திரப் படகுகளுக்கான வசதிகளைக் கைவிடுவது வரையிலான யோசனைகள் அதில் இருந்தன. கடைசி யோசனைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. படகு வாடகை, எரிபொருள், உணவகம், பழுதுபார்ப்பு என ஏரியை ஒட்டிய தொழில்கள் யாவும் சாய்தளத்தைச் சார்ந்தவை என்பது எதிர்த்தோரின் வாதம். மறுபக்க வாதமும் வலுவற்றதன்று. மீண்டும் கீழே போகக்கூடிய நீரைத் தொடர்ந்து பல லட்சம் டாலர் செலவழிப்பது எத்தனை காலத்துக்கு? ஒரு பொழுதுபோக்கிற்கு இவ்வளவு பொதுப்பணமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் மீட்புப் படகும் ஆய்வுப் படகும் ஏரிக்குள் இறங்குவதும் இதே சாய்தளத்தில்தான் என்பதை அக்கேள்வி மறந்துவிடுகிறது.

2022–23 குளிர்காலத்தில் ராக்கி மலையில் மிகுதியான பனி பெய்தது. 2023 மே மாதத்தில் கீழ்ப் படுகை மாநிலங்கள் 2026 இறுதிக்குள் 30 லட்சம் ஏக்கர் அடி நீரை மிச்சப்படுத்த ஒப்புக்கொண்டன. ஏரி 2024 தொடக்கத்தில் 1,070 அடியைத் தாண்டியது. ஆயினும் நிறைமட்டத்துக்கு அது இன்னும் 150 அடிக்கு மேல் குறைவு. ஏரியின் இயக்கத்தை வழிநடத்தும் 2007ஆம் ஆண்டு விதிகள் 2026இல் முடிவடைகின்றன. புதிய விதிகள் ஏரியில் எவ்வளவு நீரை நிறுத்தி வைக்கச் சொல்கின்றனவோ, அதைப் பொறுத்தே அடுத்த சாய்தளம் எந்த உயரத்தில் கட்டப்படும் என்பது அமையும்.