சிறுத்தைப் பல்லிக்கு எது நன்னிலம்?

சுவரில் ஊரும் பல்லியை நாம் வளர்ப்பதில்லை; அது தானாகவே வந்து நம்முடன் வாழ்கின்றது. அது ஒலிக்கும் திசையைக் கொண்டு நன்மை தீமை கணிப்பதற்கு நம் முன்னோர் ஒரு சாத்திரமே வகுத்து வைத்தனர். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி, தான் கழுநீர்ப் பானையில் விழப்போவதை அறியவில்லை என்று அதனை எள்ளி நகைப்பதும் நம்மிடையே உண்டு. மேனாடுகளிலோ, பல்லி இனத்தைச் சார்ந்த ஒரு பிராணியைக் கண்ணாடிப் பெட்டியில் இட்டு, நாயையும் பூனையையும் போலப் பலர் பேணி வருகின்றனர். அதுவே சிறுத்தைப் பல்லி.

இப்பல்லி எதன்மேல் நடக்கும், எதன்மேல் உறங்கும் என்பதை அது தீர்மானிப்பதில்லை, வளர்ப்பவரே தீர்மானிக்கின்றார். அவர் பெட்டியின் அடியில் எதைப் பரப்புகின்றார் என்பதைப் பொறுத்து அதன் உயிரே ஊசலாடுவதும் உண்டு. கேட்பதற்கு இது மிகச் சிறிய வினா. ஆயினும், "இயற்கை" என்று நாம் எதனைக் கருதுகின்றோம் என்னும் பெரிய வினா இதனுள் மறைந்து கிடக்கின்றது.

தரையே அதன் உலகம்

இப்பிராணியை விஞ்ஞான உலகுக்கு முதன்முதல் விவரித்தவர் எட்வேட் பிளைத் என்னும் ஆங்கிலேயர். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் நூதனசாலைக்குக் காப்பாளராய் இருந்த அவர், 1854ஆம் ஆண்டில் இதனைப் பற்றி எழுதினார். பஞ்சாபின் உப்பு மலைத்தொடரே இதன் இருப்பிடமாக அப்போது குறிக்கப்பட்டது. அம்மலைத்தொடர் இன்று பாக்கிஸ்தானில் உள்ளது.

இதன் பேரினத்துக்கு "யூபிளெபாரிஸ்" என்று பெயர். கிரேக்க மொழியில் "நல்ல இமை" என்பது அதன் பொருள். நம் வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது. அது கண்ணை நாவினால் நக்கித் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லியோ நம்மைப் போலவே இமை கொட்டும். மஞ்சள் மேனியில் கரும்புள்ளிகள். கொழுப்பைச் சேமித்து வைக்கும் தடித்த வால். வளர்ந்தபின் தலை முதல் வால் நுனிவரை ஏறத்தாழ 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீளம். நன்கு பேணினால் 15, 20 ஆண்டுகளும் வாழும்.

மற்றுமொரு வேற்றுமையே நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது. சுவரில் ஒட்டிக்கொள்வதற்கு வீட்டுப் பல்லியின் விரல்களில் அமைந்துள்ள நுண்ணிய அடுக்குகள் இதற்கில்லை. சிறு நகங்கள் மாத்திரமே உண்டு. ஆகவே கண்ணாடிச் சுவரில் ஏறித் தப்ப இதனால் இயலாது. வாழ்நாள் முழுவதும் தரையிலேயே நடந்து, தரையிலேயே இரைகொண்டு, தரையிலேயே துயிலும் பிராணிக்குத் தரைதான் உலகம்.

மணல் என்னும் மயக்கம்

ஒரு வீட்டுச் சிறுவனுக்குப் பிறந்தநாட் பரிசாக இப்பல்லி வந்து சேர்கின்றது என்று வைத்துக்கொள்வோம். "பாலைவனப் பிராணி" என்கிறார் கடைக்காரர். பாலைவனம் என்றதும் பெற்றோர் மனத்தில் எழுவது மணற்குன்று. செம்மணலோ, நீலச் சாயமிட்ட மணலோ ஒரு பை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் கொட்டுகின்றனர். மேலே ஒரு பொய்க் கள்ளிச்செடியும் நாட்டுகின்றனர். பார்ப்பதற்கு அழகுதான்; சிறுவனும் மகிழ்கின்றான்.

ஆனால் அந்தப் பாலைவனம் பல்லியின் பாலைவனமன்று. சித்திரப் புத்தகத்தின் பாலைவனம். ஆப்கானிஸ்தானிலும் பாக்கிஸ்தானிலும் இந்தியாவின் வடமேற்கிலும் சிறுத்தைப் பல்லி வாழும் இடங்கள் பெரும்பாலும் கல்லும் கரடுமான வறண்ட சரிவுகள்; இறுகிய களிமண்ணும் சரளையும் ஆங்காங்கே சிறிது மணலும் காய்ந்த புல்லும் உள்ள நிலங்கள். பகல் வெயிலில் அது கற்பாறை இடுக்கிலும் வளையிலும் பதுங்கியிருக்கும். அங்கே ஓரளவு ஈரமும் தங்கியிருக்கும். அந்தி சாய்ந்தபின்னரே அது இரை தேடி வெளிவரும். காலடியில் சரிந்து குழியும் மணற்குன்று அதற்குரிய இடமன்று.

குடலில் விழும் அடைப்பு

மணலினால் நேரும் கேடு யாது? சிறுத்தைப் பல்லி வேட்டையாடும் விதத்தைக் கவனித்தவர் இதனை எளிதில் உணர்வர். வெட்டுக்கிளியையோ புழுவையோ கண்டதும் அது மெல்ல மெல்ல அணுகும், வால்நுனி துடிக்கும், பின் ஒரே பாய்ச்சலில் வாயைத் திறந்து கவ்வும். கவ்வும்போது இரையோடு மணலும் வாய்க்குள் செல்லும். உள்ளே சென்ற மணல் சிறிதாயின் மலத்தோடு கழிந்துவிடும். கழியாது தங்கித் திரளுமாயின் குடல் அடைபடும். பல்லி இரையை மறுக்கும், மலம் கழியாது, சோர்ந்து கிடக்கும், பருத்திருந்த வால் நாளடைவில் மெலியும். அந்நிலையில் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வதொன்றே வழி. சத்திர சிகிச்சை வேண்டியும் வரலாம். உயிர் போகவும் கூடும்.

எல்லாப் பழியையும் மணலின்மேல் சுமத்துவதும் நியாயமன்று. பல்லி தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள மாட்டாது, சூழலிலிருந்தே பெறவேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்தில் தரை 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரை வெம்மையாக இருந்தால்தான் அதன் குடல் சரிவர இயங்கும். தண்ணீர் போதாவிடினும் அடைப்பு நேரலாம். கல்சியச் சத்துக் குறைந்தாலோ, பல்லி அச்சத்தைத் தேடித் தரையையே நக்கித் தின்னத் தொடங்கும். ஆகவே தரையும் வெப்பமும் உணவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மற்றவை செவ்வனே அமைந்த பெட்டியில் சிறிது மணல் தீங்கு செய்யாதிருக்கலாம். அவை தவறிய பெட்டியிலோ அதுவே எமனாய் முடியும்.

இக்குறையைக் கண்ட வியாபாரிகள் "கல்சிய மணல்" என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். தின்றாலும் கரைந்துவிடும், சத்தும் கிடைக்கும் என்பது விளம்பரம். நடப்பதோ வேறு. கல்சியத்தை நாடும் பல்லி அதனை வேண்டுமென்றே நக்கும். அது காபனேற்று வகையைச் சார்ந்ததாகையால் இரைப்பையின் அமிலத்தைத் தணிக்கும். ஈரம் பட்டுக் கட்டியாகவும் செய்யும். கேட்டுக்கு மருந்தென வந்தது கேட்டையே பெருக்கிற்று. பொடித்த வால்நட் ஓடு கூரிய விளிம்புடையது, அதுவும் ஆகாது. தேவதாரு, பைன் முதலியவற்றின் சீவல்களிலிருந்து எழும் வாசனைத் தைலங்கள் பல்லியின் சுவாசத்துக்கு ஒவ்வா.

கடதாசியும் கல்லும்

அவ்வாறாயின் எதைத்தான் பரப்புவது? குஞ்சுக்கும், நோயுற்றதற்கும், புதிதாக வாங்கி வந்ததற்கும் கடதாசியே உத்தமம். சமையலறையில் துடைக்கப் பயன்படும் கடதாசியை விரித்து, அழுக்கானதும் எடுத்தெறிந்து வேறு விரிக்கலாம். செலவு குறைவு. மலம் கழிந்ததா, அதன் நிறமென்ன என்பவற்றை வெள்ளைக் கடதாசி மறைக்காது காட்டிவிடும். பிராணி பேச இயலாதபோது அதன் தரையாவது நம்மோடு பேசுதல் நன்றன்றோ?

வளர்ந்த பல்லிக்குப் பளபளப்பற்ற தரையோடும் பலகைக்கல்லும் ஏற்றவை. அவை வெப்பத்தை ஏற்று மெல்ல வெளிவிடும், நகத்தைத் தேய்க்கும், கழுவவும் எளியவை. அடியில் மின்வெப்ப விரிப்பு வைப்பவர், வெப்பத்தை மட்டுப்படுத்தும் கருவியையும் தவறாது பொருத்தவேண்டும். இன்றேல் பல்லியின் வயிறு சுட்டுப் புண்ணாகும். கம்பளம் போன்ற விரிப்புகள் விற்கப்படுகின்றன. அவற்றின் இழைகளில் நகமும் பல்லும் சிக்கும்; அழுக்கும் கிருமியும் ஊறித் தங்கும். அவற்றைத் தவிர்ப்பதே நன்று.

எத்தரையாயினும் ஒரு மூலையில் ஈரப்பாசியோ நனைத்த கடதாசியோ இட்ட சிறு குகை ஒன்று இருத்தல் வேண்டும். தோலுரிக்கும் காலத்தில் அவ்வீரமே துணை. அது இன்றேல் பழந்தோல் விரல்களைச் சுற்றி இறுகி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, விரல்களே உதிர்ந்துபோவதும் உண்டு.

மெய்யான மண்

கடதாசியும் கல்லும் உயிரைக் காக்கும். ஆனால் தோண்டவும் வளை அமைக்கவும் விழையும் பிராணிக்கு அவை மாத்திரம் போதுமா? போதாது எனக் கருதுவோர் அதன் தாய்நிலத்தையே ஓரளவு அமைத்துக் கொடுக்கின்றனர். உரம் கலவாத மேல்மண் ஏழு பங்கு, கழுவிய நுண்மணல் மூன்று பங்கு, வேண்டின் சிறிது களிமண். இவற்றை நீர்விட்டுப் பிசைந்து, அழுத்திப் பரப்பி, இறுகுமட்டும் உலரவிடுவர். கனத்த கற்களை மண்ணின்மேல் வையாது, பெட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றி, அதன்பின் மண்ணை இடுவர். இல்லாவிடின் பல்லி அடியில் தோண்டும்போது கல் சரிந்து அதனை நசுக்கிவிடும். தடித்த மண் அடிவெப்பத்தை மறைக்குமாதலால் மேலிருந்து விளக்கினால் வெப்பமூட்டுவர். உடல்நலம் நிறைந்த, வளர்ந்த பல்லிக்கே இம்முறை உரியது.

இங்கே ஒரு வேடிக்கையைக் காண்கின்றோம். இயற்கைபோலத் தோன்றிய மணல் இயற்கையன்று. இயற்கைக்கு முற்றும் அந்நியமான கடதாசியோ அதனினும் பாதுகாப்பானது. மெய்யான இயற்கையை ஆக்கவேண்டுமாயின், அப்பிராணி பிறந்த உப்பு மலையின் மண்ணும் கல்லும் எத்தகையன என்று முதலில் கற்கவேண்டும். அன்புடையோர் பலர் அழகுக்காக மணலைக் கொட்டினர். அவர்களிடத்தில் அன்பு குறைந்ததன்று, அறிவே குறைந்தது. பிள்ளைகளைப் பேணும் பெற்றோரும் ஆசிரியரும் கூட இதனை எண்ணிப் பார்த்தல் தகும். நம் மனத்தில் உள்ள சித்திரத்தை மற்றோர் உயிரின்மேல் சுமத்துவதற்குமுன், அதற்கு உரிய நிலம் எதுவென்று கேட்பதே உண்மையான பரிவாகும்.

அதுவரையில் பழைய பத்திரிகைத் தாளும் பல்லிக்குப் பழுதில்லாத தரைதான். வாசித்து முடிந்தபின் இப்பக்கமும் அதற்குப் பயன்படுமாயின் எமக்கு மகிழ்ச்சியே.