சித்திரையிலும் வாடாத காசான்

ஊட்டிக்குச் சுற்றுலா போய் வந்த காரைக்குடி வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பாட்டில்கள் இருக்கும். ஒன்று யூகலிப்டஸ் தைலம், மற்றது விண்டர்கிரீன். மூட்டு வலிக்குத் தேய்த்தால் பட்டாலை முழுக்க மணக்கும் அந்த இரண்டாவது தைலத்தின் செடி, நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டு ஓரங்களில் தானாக வளர்கிறது. தாவரப் பெயர் கால்தீரியா ஃபிராக்ரண்டிசிமா. ஆள் உயரப் புதர், மணி மணியாய் வெள்ளைப் பூ, கருநீலப் பழம். இலையைக் கசக்கினால் தைல வாசம் விரலில் ஒட்டிக்கொள்ளும். அந்த எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட்தான். வலிக்குத் தேய்ப்பதோடு சரி. ஒரு டீஸ்பூன் குழந்தையின் வயிற்றுக்குள் போனாலும் உயிருக்கே ஆபத்து.

குளிர்நாடுகளில் மரநிழல் தோட்டம் போடுகிறவர்கள் இந்தப் பேரினச் செடிகளைத் தேடி வாங்குகிறார்கள். மேலே மரம் இலை கொட்டி நிற்கும்போது கீழே பச்சை குறையாமல் இருப்பதற்காக.

செட்டிநாட்டில் வருமா? செம்புறாங்கல் பூமி; இந்தச் செடி கேட்கும் அமில மண் இங்கேயும் உண்டு. ஆனால் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், காரைக்குடி 100 மீட்டருக்கும் கீழே. மண் ஒத்துவந்தாலும் சித்திரை வெயில் விடாது.

மரத்தடியில் பச்சை குறையாமல் நிற்கும் அந்த வேலையைச் செய்ய ஊரிலேயே ஆள் இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து அய்யனார் கோயில் காடுகளுக்குள் மண் குதிரைகளைத் தாண்டி நுழைந்தால், பெரிய மரங்களுக்கு அடியில் தோல்போலத் தடித்த, பளபளக்கும் இலைகளோடு காசான் நிற்கும். சங்கப் புலவர்கள் காயா என்றது இதைத்தான். பூக்கும் காலத்தில் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாய் நீலம். மயில் கழுத்துக்கு உவமை சொன்னதில் மிகையில்லை.

விண்டர்கிரீன் இலைக்குள் எண்ணெய் என்றால், காசான் இலைக்குள் அலுமினியம். மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்து வைக்கிறது. அந்தக் காலச் சாயக்காரர்கள் சாயவேரோடு இந்த இலையையும் சேர்த்தது அதனால்தான்: சிவப்பு துணியில் பிடித்து நிற்கும்.

நர்சரிகளில் குரோட்டன்ஸும் காகிதப்பூவும் கிடைக்கும் அளவுக்குக் காசான் கிடைப்பதில்லை. பழுத்துக் கறுத்த பழத்தின் விதையைக் காயவிடாமல் உடனே பைமண்ணில் ஊன்ற வேண்டும். வளர்ச்சி ஆமை வேகம். வேர் பிடிக்கும்வரை முதல் கோடைகளில் தண்ணீர் கொடுத்து, உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளாமல் அடியிலேயே மூடாக்காக விட்டுவிட வேண்டும். பின்கட்டு வேம்புக்குக் கீழே ஒன்றை வைக்கலாம்.