வெருகலாற்றங்கரையில் மீன்பிடி

திருகோணமலையில் மீன் என்றதும் பாரையும் சூரையும் அறக்குளாவுமே மாணவர் நினைவில் எழுகின்றன. கடல் அவ்வளவு பெரிது. துறைமுகம் அவ்வளவு புகழுடையது. எனினும், மாவட்டத்தின் தென்கோடியிலே ஆற்றுமீனை நம்பி அடுப்பேற்றிய குடும்பங்கள் பலவுண்டு. எம் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, கடலை அணுகுமிடத்துக் கிளைபிரிகின்றது. ஒரு கிளை மூதூர்ப் பக்கத்தே கொட்டியாரக் குடாவை அடைய, மற்றையது வெருகலாறு என்னும் பெயர்கொண்டு தெற்கே சென்று கடலிற் கலக்கின்றது. மாரியில் ஆறு கரைபுரளும்போது இரு மருங்கிலுமுள்ள வில்லுகளும் மடுக்களும் நிரம்பும். வெள்ளத்தோடு மீனும் ஏறும், புல்லிடையே முட்டையிடும். நீர் வற்றத் தொடங்கியதும் ஒரு பகுதி ஆற்றுக்கு மீளும். எஞ்சியது மடுவிலேயே தங்கிவிடும்.

எம் பாட்டனாரின் வயல்வாடி அத்தகைய மடுவொன்றின் அருகே நின்றது. பள்ளி விடுமுறை முழுவதும் யாம் அங்கேதான். தூண்டிலும் வீச்சுவலையும் ஆற்றுக்கு, மடுவுக்குக் கரப்பு. அடியும் முடியும் திறந்த கூடையே கரப்பு. முழங்காலளவு நீரில் அதனைச் சட்டென அமிழ்த்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவவேண்டும். அகப்பட்டது விராலாயின் மகிழ்ச்சி. கெளிறாயின், முள் குத்திய கையோடு இரவெல்லாம் விழித்திருத்தல். பின்னதையே யாம் பெரிதும் அனுபவித்தோம்.

கோடையில் மடு வற்றி நிலம் வெடித்த பின்னரும் பாட்டனார் மண்வெட்டியோடு செல்வார். ஈரக் களிமண்ணைப் பிளந்தால் உள்ளே உயிருள்ள விரால் கிடக்கும்! இதனைக் கூறினால் மாணவர் நகைக்கின்றனர். ஆனால், 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் இதே செய்தியைப் பதிந்துள்ளார். கிழக்கு மாகாண அதிகாரி ஒருவர், கொட்டியாரத்துக்கு அண்மையிலுள்ள குளமொன்றிலும், வெருகலாற்றங்கரைக் குளமொன்றிலும் ஊரவர் மீன் தோண்டுவதை நேரிற் கண்டு அவருக்கு எழுதினாராம். ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குல நீள மீன்கள் மண்ணுடைந்ததும் வெயிலில் துள்ளின என்பது அவர் கூற்று. இரண்டாவது குளத்துக்கு எல்லையாக அவர் ஆங்கில எழுத்தில் சிதைத்தெழுதிய 'எல்லெண்டெத்தோர்' எம் இலங்கைத்துறையே என்பது எமது துணிபு.

இதன் காரணம் மாயமன்று. விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் செவுளின் மேலே காற்றைச் சுவாசிக்கும் அறையுண்டு. ஆகவேதான் அவை இடையிடையே நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறக்கின்றன. மேலே வரவிடாது தடுத்தால் நீருள்ளேயே மூச்சுத்திணறி இறக்கும். உடலில் ஈரம் காயாதிருக்குமட்டும் சேற்றுள்ளும் உயிர் தாங்கும். தரங்கம்பாடியிற் பனைமரத்தின்மேற் பனையேறியைப் பிடித்ததாகத் தால்டோர்ஃப் என்னும் தேனிய அதிகாரி எழுதிய கட்டுரை 1797இல் இலண்டனில் அச்சேறியது. மரமேறியதோ, பறவை கொண்டுபோய் விட்டதோ என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது.

பாட்டனாருக்கு இரண்டு விலக்குகள் இருந்தன: மடுவின் கடைசி நீரை இறைத்தலாகாது, குஞ்சோடு திரியும் விராலைத் தொடலாகாது. விராற்குஞ்சுகள் செந்நிறத் திரளாய் நீர்மேல் மிதக்க, கீழே தாய் தந்தையர் காவல் நிற்கும். பத்து வயதில் யாம் அக்காவல் மீனைத் தூண்டிலிற் பிடித்து வாடிக்குக் கொணர்ந்தோம். பாட்டனார் அடிக்கவில்லை, மறுநாட் காலை மடுவுக்கு அழைத்துச் சென்றார். செந்திரள் சிதறிப்போயிருந்தது. எஞ்சிய சிலவற்றையும் கெளிறுகள் பொறுக்கிக்கொண்டிருந்தன. அன்றைய குழம்பை அவர் உண்ணவில்லை.

1976இல் பொல்கொல்லையிலும் 1985இல் விக்ரோறியாவிலும் கங்கை மறிக்கப்பட்டபின் வெள்ளத்தின் போக்கே மாறியது. 1952இல் இந்நாட்டு நீர்நிலைகளிற் புகுத்தப்பட்ட திலாப்பியா குளங்களை நிறைத்தது. 2006ஆம் ஆண்டுப் போரில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பியபோது வாடி இல்லை; மடு இருந்தது.

சென்ற கோடையில் அம்மடுவை நீர்ப்பம்பி வைத்து இறைக்கச் சில இளைஞர் வந்தனர். அவருள் ஒருவர் எம்மிடம் தமிழ் படித்தவர். "சேர், எவ்வளவு தண்ணி விடவேணும்?" என்று கேட்டார். யாம் வேட்டியை மடித்துக்கட்டி மடுவில் இறங்கி, முழங்காலைத் தொட்டுக் காட்டினோம். அவ்வளவில் பம்பியை நிறுத்தினார்.