சராசரி ஆயுள்: கணக்கும் கணிப்பும்

இலங்கையரின் சராசரி ஆயுள் 75 வருடங்களைத் தாண்டிவிட்டது என்று கேள்விப்படுகிறோம். "அப்படியென்றால் எனக்கு இன்னும் ஐந்து வருடம்தானோ?" என்று எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் கேட்டால் என்ன சொல்வோம்?

பத்துப் பேரை எடுத்துக்கொள்வோம். இருவர் பிறந்தவுடனேயே இறந்துவிட, மற்ற எட்டுப் பேரும் 70 வயதுவரை வாழ்ந்தால் சராசரி 56. ஆனால் 56 வயதில் ஒருவருமே இறக்கவில்லை. சிசு மரணமே சராசரியைக் கீழே இழுத்தது. எழுபதைக் கண்ட பெரியவர் 75ஐத் தாண்டவே வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு வயதிலும் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் அந்த வருடம் இறந்தார்கள் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. அந்த வீதங்கள் மாறாதிருந்தால் இன்று பிறக்கும் பிள்ளைகள் சராசரியாக எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்று பார்க்கிறார்கள். வருங்காலத்தைக் கணிப்பதற்கு, வீதங்கள் இதுவரை குறைந்துவந்த போக்கை முன்னோக்கி நீட்டுகிறார்கள். போன போகங்களின் விளைச்சலை வைத்து வரும் பெரும்போகத்தை நாம் மதிப்பிடுவதும் இப்படித்தான். மழை வழக்கம்போல் பெய்தால் சரிவரும்.

1946இல் இந்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். 1947இல் அது ஏறத்தாழ 14. நுளம்பை ஒழிக்க டி.டி.ரி. தெளித்தது இதற்கு ஒரு பெரிய காரணம். சராசரி ஆயுள் ஒரே வருடத்தில் ஏறத்தாழ 9 வருடங்கள் கூடியது. பழைய போக்கைப் பார்த்து இதை யார் கணித்திருப்பார்? 2004 மார்கழியில் கடல் கொண்டுபோன முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரும் எந்தக் கணிப்பிலும் இருக்கவில்லை.

இன்னொரு சிக்கல் நம்மைப் போன்றவர்களைப் பற்றியது. இறந்தோர் தொகையை வாழ்வோர் தொகையால் பிரித்தால்தான் வீதம் வரும். 1981க்குப் பின் நாடு முழுவதிலும் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது 2012இல்தான். 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே அது முழுமையாக நடந்தது. மரணமோ நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படுகிறது. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தவர் வவுனியாவில் இறந்தால் வவுனியாவின் கணக்கில் ஒன்று கூடும்.

முகாமில் பிறந்து நாலு நாளில் இறந்த சிசு பதியப்படாவிட்டால் எந்தக் கணக்கிலும் இல்லை. சிசு மரணம் குறைவென்று ஏடு காட்டும் இடத்துக்கு இன்னொரு மருத்துவமாதைக் கேட்டுப் பெறுவது கடினம். பெரியவர்களின் மரணத்தை எப்படியும் பதிந்துவிடுகிறோம். காணி உத்தரவுப் பத்திரத்தைப் பெயர் மாற்ற மரண அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். சிசுவுக்குக் காணியில்லை, அதனால் பதிவும் விடுபட்டுப் போகிறது. அதன் பிறப்பு, இறப்பு இரண்டையுமே அந்தப் பகுதிப் பதிவாளரிடம் பதியவேண்டும்.