வாங்கிய டிராக்டர் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பக்கம் அறுவடை நேரத்தில் இயந்திரம் ஒருநாள் நின்றாலும் விவசாயிக்கு வயிறு கலங்கும். மழை காத்திருக்காது. பழுதான சென்சாரைக் கழற்றிப் புதியதை மாட்ட அவருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே ஸ்பேனர் பிடித்த கை. ஆனால் மாட்டிய பாகத்தை வண்டியின் கணினி ஏற்றுக்கொள்ள வேண்டுமே! பல பாகங்களுக்கு, டீலர் லேப்டாப்போடு வந்து மென்பொருளில் பதிவு செய்தால்தான் வண்டி நகரும். அதுவரை பல லட்சம் டாலர் இயந்திரம் வயலில் சும்மா நிற்கும்.

2015-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் டிராக்டர் தயாரிக்கும் ஜான் டீர் நிறுவனம் வைத்த வாதம் இதுதான்: டிராக்டரை வாங்கியவருக்கு அதிலுள்ள மென்பொருள் சொந்தமில்லை; வண்டி உள்ளவரை அதை இயக்கிக்கொள்ளும் அனுமதி மட்டுமே உண்டு. 1998-ல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருள் பூட்டை உடைப்பதைச் சட்டவிரோதமாக்கியிருந்தது. சினிமா, பாட்டுத் திருட்டைத் தடுக்கப் போட்ட சட்டம் டிராக்டர் எஞ்சின்வரை வந்துவிட்டது. பழுதுபார்க்கச் சொந்தக்காரர் பூட்டைத் திறக்கலாம் என்று 2015-லேயே அரசு விலக்கு அளித்தது. ஆனால் மெக்கானிக்கை வைத்துத் திறக்க அப்போது அதில் இடமிருக்கவில்லை. அடுத்த ஆண்டு நிறுவனம் கொண்டுவந்த உரிம ஒப்பந்தமோ மென்பொருளில் கை வைக்கவே கூடாது என்றது. மென்பொருள் கோளாறால் விளைச்சல் போனாலும் நஷ்டஈடு கேட்க முடியாது.

வேறு வழியின்றிச் சிலர் உக்ரைனில் பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருளை இணையத்தில் தேடி வாங்கினார்கள். காசு கொடுத்து வாங்கிய வண்டியைத் தன் நிலத்தில் சரிசெய்ய ஒரு விவசாயி கள்ளச்சரக்கைத் தேடிப் போவதா? இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மென்பொருளை நகலெடுத்து விற்கும் உரிமையை அவர் கேட்கவே இல்லை.

இந்தத் தகராறு புதிதுமல்ல. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று நாவலுக்குள்ளேயே அச்சிட்ட பதிப்பகம் ஒன்று, 89 சென்ட்டுக்கு விற்ற மேசிஸ் கடைமீது வழக்குப் போட்டது. விற்றுவிட்ட பிரதியின் மறுவிற்பனையைப் பதிப்புரிமையை வைத்துக் கட்டுப்படுத்த முடியாது என்று 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலிருந்து நழுவத்தான் ‘விற்கவில்லை, உரிமம் தந்தோம்’ என்ற பேச்சு வசதியாக இருக்கிறது. முழு விலையை வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்வது நியாயமே இல்லை.

2023-ல் கொலராடோ மாநிலம் சட்டம் போட்டது: கையேடு, கருவி, மென்பொருள் மூன்றையும் நிறுவனங்கள் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமே ஜான் டீர்மீது வழக்குத் தொடுத்தது. டீலர்களுக்கு மட்டும் தரும் முழுமையான பழுதுபார்ப்பு மென்பொருளை மற்றவர்களுக்கும் கொடு என்பதே அதன் மையக் கோரிக்கை.