லேப்டாப் திரை மினுக்குகிறதா? பழுது எதில் என்று முதலில் பாருங்கள்

பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புவது எல்லாம் இன்று நம்மில் பலருக்கு ஒரே லேப்டாப்பில்தான் நடக்கின்றன. அதன் திரை விட்டு விட்டு மினுக்கத் தொடங்கினால் பாதி வேலை நின்று போகிறது. மாதாமாதம் கணக்கு அனுப்புவோருக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1க்கு 11ஆம் தேதி, 3பி-க்கு 20ஆம் தேதி என்று கெடு இருக்கிறது. திரை கெட்டது என்று சொன்னால் தாமதக் கட்டணம் தள்ளுபடியாகாது. இந்த அவசரத்தில், "திரையையே மாற்ற வேண்டும்" என்று பழுது பார்ப்பவர் சொன்னதும் பலர் சரி என்று விடுகிறார்கள். மூட்டை எடை குறைந்தால் மில்காரரைக் கேட்பதற்கு முன் தராசைச் சரிபார்ப்பவர்கள் நாம். இதிலும் அந்த நிதானம் வேண்டும்.

முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்

மினுக்கும் திரை எப்போது முழுவதும் அணையும் என்று சொல்ல முடியாது. ஆகவே தெரிகிறபோதே கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுத்து, வேறு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். லேப்டாப் போனாலும் கணக்குப் போகக் கூடாது.

பிறகு சோதனை

பழுது பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: உள்ளே ஓடும் மென்பொருள், வெளியிலிருந்து வரும் மின்சாரம், திரையும் அதற்குச் செல்லும் வயரும். கீழ்க்கண்ட சோதனைகளுக்குத் திருப்புளி தேவையில்லை.

1. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மற்றவை மினுக்கும்போது அது மட்டும் ஆடாமல் நின்றால், ஏதோ ஒரு மென்பொருள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அண்மையில் ஏற்றியதை நீக்கிப் பாருங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிஸ்பிளே டிரைவர் மீது சந்தேகம் கொள்ளலாம்.

2. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மறுபடி துவங்கும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும், பயப்பட வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கோளாறு வந்திருந்தால், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்ப வழி உண்டு.

3. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். மினுக்கல் நின்றால் சார்ஜரையோ பிளக்கையோ பார்க்க வேண்டும். குளிர்பெட்டியும் மாவு மெஷினும் ஓடும் இணைப்பை விட்டு வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள்.

4. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு கோணத்தில் சரியாகி, மற்றொன்றில் மினுக்கினால் கீல் வழியாகச் செல்லும் வயர் தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கக்கூடும். அந்த வயரைச் சரிசெய்தாலே போதும் என்ற நிலையும் உண்டு.

5. எச்.டி.எம்.ஐ. வயரால் கடையில் உள்ள டிவியை இணையுங்கள். டிவியில் படம் நிலையாக நின்று லேப்டாப் மட்டும் மினுக்கினால், பழுது பெரும்பாலும் திரையிலோ அதன் வயரிலோதான். இரண்டும் மினுக்கினால் திரையை மாற்றிப் பயனில்லை. டிரைவரையோ உள்ளே உள்ள போர்டையோ பார்க்க வேண்டும். திரை நன்றாக இல்லாதபோதும் இந்த டிவியை வைத்தே அன்றைய கணக்கை அனுப்பி முடிக்கலாம்.

6. லேப்டாப்பை அணைத்துப் போடும்போது, கம்பெனிப் பெயர் வரும் சமயத்திலும் மினுக்குகிறதா என்று கவனியுங்கள். அப்போதே மினுக்கினால் விண்டோஸ் மீது பழி போட முடியாது, பழுது கருவியில்தான்.

கவனிக்க வேண்டியவை

காந்தம் உள்ள செல்போன் உறையை விசைப்பலகையின் மேல் வைக்காதீர்கள். மூடி மூடப்பட்டதாக எண்ணித் திரை அணைவது உண்டு. மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் இடத்தில் லேப்டாப்பை வைக்காதீர்கள். அடிப்பகுதி உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், அழுத்தாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். அந்த நிலையில் மேற்சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம்.

பழுதுக்குக் கொண்டு போகும்போது "திரை சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "டிவியில் நன்றாக இருக்கிறது, மூடியை அசைத்தால் மினுக்குகிறது" என்று சோதித்ததைச் சொல்லுங்கள். எந்தப் பாகம், என்ன விலை, எத்தனை மாதம் உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். சரக்கை மாதிரி பார்த்து, விலை பேசி வாங்கும் நமக்கு இது ஒன்றும் புதிய பழக்கமல்ல.